எம்பிஏவில் சிஸ்டம்ஸா, லாஜிஸ்டிக்ஸா?

முதல் வருடம் முடிந்த கையோடு ஒரு படிவம் கொடுத்து, எந்தப் பிரிவு என்று டிக் அடிக்கச் சொல்வார்கள். நான் சரக்குப் போக்குவரத்தும் கிடங்கும் பற்றிய லாஜிஸ்டிக்ஸ் எடுத்தேன், என் அறைத்தோழன் நிறுவனங்களின் கணினி மென்பொருள் பற்றிய சிஸ்டம்ஸ். அதன்பின் ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது சித்தி பையன் அதே படிவத்தோடு வந்து நிற்கிறான். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று அவனுக்கே தெரியும்.

தெரிந்த கதையை முதலில் முடித்துவிடலாம். சிஸ்டம்ஸில் ஆரம்பச் சம்பளம் கூடுதல், ஏசி அறை, வெளிநாட்டு வாய்ப்பு. லாஜிஸ்டிக்ஸ் என்றால் ஒரகடத்திலோ செங்குன்றத்திலோ ஒரு தகரக் கூரைக் கிடங்கு, வெயில், நடுராத்திரியில் லாரி டிரைவரின் போன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது எது எடுபடும் என்று சொல்லவே வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: படித்தது எத்தனை நாள் தாங்கும்?

தோழன் வகுப்பில், நிறுவனங்கள் சரக்குக் கணக்கு வைக்கும் எஸ்ஏபி மென்பொருளின் பழைய திரைகளை மாங்குமாங்கென்று மனப்பாடம் செய்தான். சரக்கு வந்தால் எம்பி01, செலவுக்கு எடுத்தால் எம்பி1ஏ. 2015இல் வந்த அதன் புதிய தலைமுறையான எஸ்/4ஹானாவில் அவற்றுக்கு இடமில்லை. எல்லாம் மிகோ என்ற ஒரே திரைக்குள் போய்விட்டது. வேலைக்குப் போனதும் அவன் மறுபடி படித்தான், சொந்தக் காசில் சான்றிதழ் வாங்கினான், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் பாடமும் அடி வாங்காமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்க மாநிலத்துக்கு ஒரு டெப்போ வைத்து, விற்பனையாகக் காட்டாமல் சொந்த டெப்போவுக்கே சரக்கை மாற்றிக்கொள்வார்கள். அதற்கென்றே ஒரு அத்தியாயம் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. ஆனால் எத்தனை கிடங்கு, எங்கே என்ற கணக்கு போகவில்லை. அதிலிருந்து வரி என்ற ஒரு வரியை அடித்தோம், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போடுவது என்ற சூத்திரம் 1913இல் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதியது. வருடத்துக்கு 10,000 பெட்டி தேவை, ஒரு ஆர்டருக்கு 500 ரூபாய் செலவு, ஒரு பெட்டியை வருடம் முழுக்க வைத்திருக்க 10 ரூபாய் என்றால் விடை 1,000 பெட்டி. போன வாரம்கூட இதைப் போட்டுப் பார்த்தேன்.

கிடங்கில் கற்றதும் அப்படித்தான். பயிற்சிக்குப் போன இடத்தில் கணினியில் 412 பெட்டி, எண்ணினால் 397. மூன்று மணி நேரம் தேடினோம். கடைசியில் வாசல் செக்யூரிட்டி அண்ணனின் நோட்டில்தான் விடை கிடைத்தது: '15 பெட்டி டேமேஜ், திரும்பப் போகுது'. லாரி முந்தின நாளே போய்விட்டது. கணினியில் ஏற்ற வேண்டியவர் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து எந்தக் கிடங்குக்குப் போனாலும் முதலில் வாசல் நோட்டைத்தான் புரட்டுகிறேன்.

சிஸ்டம்ஸ் வேலையை நான் உள்ளிருந்து பார்த்ததில்லை. தோழன் புலம்பியதை வைத்துச் சொல்கிறேன். அவன் புலம்பும் ஆளும்கூட. துறைமுகப் பக்கமும் எனக்கு அனுபவம் கிடையாது. கப்பல்தான் ஆசை என்றால் சென்னையில் இருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுகம், கப்பல் நிர்வாகத்துக்கென்றே எம்பிஏ இருக்கிறது, அதை விசாரிக்கலாம்.

சித்தி பையனுக்குச் சொன்னது இது: லாஜிஸ்டிக்ஸில் டிக் அடி. இரண்டு பிரிவு எடுக்க விட்டால் சிஸ்டம்ஸிலிருந்து டேட்டாபேஸ் பாடத்தை மட்டும் விடாதே. நான் விட்டுவிட்டேன், அப்புறம் டேட்டாபேஸில் தகவல் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியை ராத்திரி ஷிப்டில், டீ ஆறுவதற்குள் ஒரு வரி என்று கற்றுக்கொண்டேன்.