எரிக்சனின் 1989, கோக்கரின் 2001: ஒரே அணி, இரண்டு புதுக் கோச்சுகள்

போன டிசம்பர் விடுமுறைக்கு மதுரையிலிருந்து மச்சினன் வந்திருந்தான். கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்தவன். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஹெல்மெட் போடுவார்கள் என்பதைத் தவிர எதுவும் தெரியாது. "ஒவ்வொரு மேட்சா காட்டிக் குழப்பாதீங்க மாமா. ஒரு டீம், ஒரு வருஷம், முதல்லேருந்து கடைசி வரைக்கும் காட்டுங்க" என்றான். நியாயமான கோரிக்கைதான். டீம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: மயாமி பல்கலைக்கழகம். எந்த வருஷம் என்று முடிவு செய்யத்தான் இரண்டு ராத்திரி ஆயிற்று.

மயாமி தேசிய சாம்பியன் ஆனது ஐந்து முறை: 1983, 1987, 1989, 1991, 2001. இதில் 1989-உம் 2001-உம் தனி ரகம். இரண்டு முறையும் பழைய ஹெட் கோச் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் அணிக்குப் போய்விட்டார். இரண்டு முறையும் புதிதாக வந்தவர் முதல் வருஷத்திலேயே கோப்பையைத் தூக்கினார். 1989-இல் ஜிம்மி ஜான்சன் டல்லஸ் கௌபாய்ஸுக்குப் போக, டென்னிஸ் எரிக்சன் வந்தார். 2001-இல் புட்ச் டேவிஸ் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸுக்குப் போக, லாரி கோக்கர் அமர்ந்தார். புதுக் கை ஒரு நல்ல அணியை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

எது சிறந்த அணி என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடலாம். 2001. 12 ஆட்டம், 12 வெற்றி. 512 புள்ளி எடுத்து 117 கொடுத்தார்கள். மூன்று ஆட்டங்களில் எதிரணிக்குப் பூஜ்யம். அந்த அணியிலிருந்து 38 பேர் என்.எஃப்.எல். டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) போனார்கள், அதில் 17 பேர் முதல் சுற்றில். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலைக்கு கிளின்டன் போர்ட்டிஸ். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ஃபிராங்க் கோர். பிற்பாடு என்.எஃப்.எல்.லில் 16,000 யார்டு ஓடிய அதே கோர். மாற்று ஆட்டக்காரரே இந்த லட்சணம் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளுங்கள். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

அதோடு எனக்கு 2001 சொந்தப் பருவம். அந்த ஆகஸ்டில்தான் மேல்படிப்புக்கு மயாமியில் வந்து இறங்கினேன். பல்கலைக்கழகம் கோரல் கேபிள்ஸில். அணி ஆடிய ஆரஞ்சு பௌல் மைதானம் லிட்டில் ஹவானாவில். ஆட்ட நாளில் அந்தத் தெரு வீட்டுக்காரர்கள் அட்டையில் விலை எழுதிப் பிடித்துக்கொண்டு தங்கள் வாசலிலேயே கார் நிறுத்த இடம் கொடுப்பார்கள். உள்ளே சூடேறிய அலுமினிய பெஞ்ச். கிழக்குப் பக்கம் திறந்த முனையில் பனைமரங்கள். அந்த மைதானம் 2008-இல் இடிக்கப்பட்டு, இப்போது அங்கே பேஸ்பால் நடக்கிறது. வாஷிங்டன் அணியுடனான ஆட்டம் செப்டம்பர் 11-க்குப் பிறகு தள்ளிப்போய் நவம்பர் 24-இல் நடந்தது. முந்தைய வருஷம் மயாமியைத் தோற்கடித்த ஒரே அணி வாஷிங்டன். பழி வாங்கும் ஆட்டம் என்று ஊரே பேசியது. 65-7. மூன்றாவது கால் பகுதியிலேயே பக்கத்து இருக்கைக்காரர் வண்டியை எடுக்கக் கிளம்பிவிட்டார். எனக்கு விதிகள் பாதிதான் தெரியும், ஆனால் போட்டி என்று ஒன்று அங்கே நடக்கவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

இத்தனையும் இருந்தும் மச்சினனுக்கு நான் எடுத்துப் போட்டது 1989.

காரணம் ஒன்றே ஒன்று. புது ஹெட் கோச்சின் பருவம் என்றால் அவர் கை எங்கே பட்டது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாம் நன்றாக ஓடும்போது அது தெரியாது. புது டிரைவர் எப்படி என்பது பைபாஸில் தெரியாது, மலைப்பாதையில் பிரேக் வேலை செய்யாதபோதுதான் தெரியும்.

கோக்கருக்கு அப்போது 52 வயது. கல்லூரி அளவில் அதற்கு முன் ஹெட் கோச்சாக இருந்ததே இல்லை. 1995 முதல் அதே அணியில் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். ஆட்டக்காரர்களே "இவரைத்தான் போட வேண்டும்" என்று நிர்வாகத்திடம் போய் நின்றார்கள். அவரும் எதையும் கலைக்கவில்லை. கென் டார்ஸிதான் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), அதே ஆட்டமுறை, அதே அழைப்புச் சொற்கள். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. புதிதாக நாற்காலி கிடைத்தவன் எதிலும் கை வைக்காமல் இருப்பது பெரிய காரியம். அதற்கு முன் எங்குமே கல்லூரி ஹெட் கோச்சாக இல்லாத ஒருவர் முதல் வருஷத்திலேயே தேசிய சாம்பியன் ஆனது 1948-இல் மிச்சிகனின் பென்னி ஊஸ்டர்பான் ஆனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்தப் பருவத்தில் வண்டி தடுமாறியது இரண்டே இடத்தில். ஒன்று, நவம்பர் 10, பாஸ்டன் காலேஜ். அன்றைக்கு டார்ஸி நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது அவர் எறிந்த பந்தை எதிரணி நான்கு முறை பிடித்துவிட்டது. மயாமி எடுத்த 12 புள்ளியும் டாட் சீவர்ஸின் காலிலிருந்து வந்தவை, நான்கு ஃபீல்டு கோல். 12-7. கடைசி நொடிகளில் பாஸ்டன், மயாமியின் கோட்டுக்கு 10 யார்டுக்குள் வந்துவிட்டது. பாஸ் பறந்தது, மயாமியின் மைக் ரம்ஃபின் முழங்காலில் பட்டுத் தெறித்து, கனத்த உடம்புக்காரரான மேட் வால்டர்ஸ் கையில் விழுந்தது. அவர் திகைத்துப்போய்த் தளர்நடை போட, பின்னாலிருந்து வந்த எட் ரீட், தன் அணிக்காரர் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கிக்கொண்டு 80 யார்டு ஓடி எதிரணிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். 18-7. இன்னொன்று டிசம்பர் 1, வர்ஜீனியா டெக். 26-24 என்றிருந்தபோது சமன் செய்ய அவர்கள் எறிந்த இரண்டு புள்ளிப் பந்து ஏர்னஸ்ட் வில்ஃபோர்டின் கையில் பட்டு நழுவியது.

இரண்டையும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். எட் ரீட் தெரிகிறார், அதிர்ஷ்டம் தெரிகிறது. கோக்கர் ஓரத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

இப்போது 1989. எரிக்சன் வந்தது வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து, நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு. ஆட்டக்காரர்கள் கேட்டது இவரை இல்லை. ஜான்சனிடம் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்ட கேரி ஸ்டீவன்ஸைத்தான். தடகள இயக்குநர் சாம் ஜான்கோவிச் முன்பு வாஷிங்டன் ஸ்டேட்டில் இருந்தவர், தனக்குத் தெரிந்த ஆளைக் கூட்டி வந்துவிட்டார் என்று முணுமுணுப்பு. மாப்பிள்ளை பிடிக்காத வீட்டில் கல்யாணம் நடந்த மாதிரி ஆரம்பம். ஜான்சன் கிளம்பியது பிப்ரவரி கடைசியில். சேர்க்கையெல்லாம் முடிந்த நேரம், ஆக ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் ஜான்சன் பிடித்தவர்கள். எரிக்சன் கொண்டு வந்தது தன் ஆட்டமுறையை: ஓடுபவர் ஒருவரை மட்டும் பின்னால் நிறுத்தி, பிடிப்பவர்களை அகலப் பரப்பி, பந்தை எறிவது. தடுப்பாட்டத்தின் வேகத்தை அப்படியே விட்டார்.

முதல் மூன்று ஆட்டமும் ஊதித்தள்ளினார்கள். நான்காவதில், மிச்சிகன் ஸ்டேட்டில், 26-20 என்று ஜெயித்தார்கள். ஆனால் குவாட்டர்பேக் கிரெய்க் எரிக்சனுக்கு எறியும் கையில் அடி. (கோச்சுக்கும் இவருக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. மச்சினன் இதை மூன்று முறை கேட்டான்.) அனுபவமே இல்லாத ஜீனோ டொரெட்டாவை இறக்கினார்கள். 1992-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர் இவர். 1989 அக்டோபரில் அவர் வெறும் பையன். எளிய எதிரணிகளைச் சமாளித்துவிட்டு, அக்டோபர் 28-இல் டலஹாஸியில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் போய் மாட்டினார். நான்கு இன்டர்செப்ஷன். 24-10. தோல்வி.

இங்கேதான் நான் மச்சினனிடம் ரிமோட்டை வாங்கி நிறுத்தினேன். அந்தக் காலத்தில் பிளே-ஆஃப் கிடையாது. பத்திரிகைக்காரர்களும் கோச்சுகளும் ஓட்டுப் போட்டுச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் ஒரு தோல்வி என்றால் ஏறக்குறைய கதை முடிந்தது. ஆட்டக்காரர்கள் கேட்காத கோச், அவர் கொண்டு வந்த புது ஆட்டமுறை, கையில் அடிபட்ட குவாட்டர்பேக். அணி சிதறுவதற்கு வேண்டிய எல்லாமே இருந்தது.

சிதறவில்லை. மீதி நான்கு ஆட்டத்தில் அவர்கள் கொடுத்தது மொத்தமே 29 புள்ளி. கடைசி ஆட்டம் நவம்பர் 25, ஆரஞ்சு பௌலில் நோட்ரடாம். முந்தைய வருஷம் 31-30 என்று ஒரு புள்ளியில் மயாமியிடமிருந்து பட்டத்தைப் பறித்த அணி. தொடர்ந்து 23 வெற்றியோடு முதலிடத்தில் வந்து நின்றது. இந்த ஆட்டத்தில் ஒரு காட்சி. கணக்கு இப்படி: நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால் பந்து உன்னிடமே இருக்கும். மயாமி பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு, மூன்றாவது முயற்சியில் 44 யார்டு வேண்டும் என்ற நிலைமை. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு 20 ரன் என்று வைத்துக்கொள் என்றேன். எந்தக் கோச்சும் அங்கே ஒரு சின்ன ஓட்டம் ஓடவிட்டு, அடுத்ததில் பன்ட் அடித்து, அதாவது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார். மயாமி எறிந்தது. கிரெய்க் எரிக்சன் கையிலிருந்து பந்து போய் ரேண்டல் ஹில்லிடம் விழுந்தது, தேவையான தூரத்தில். அந்த ஒரே டிரைவ் (பந்தை விடாமல் தொடர்ந்து முன்னேறுவது) ஏறக்குறைய 11 நிமிடம் நீண்டு டச் டவுனில் முடிந்தது. கடைசியில் 27-10.

2001 பருவம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பொழுது எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு செய்தும் பட்டம் அவர்கள் கையில் இல்லை. 1990 ஜனவரி 1 ராத்திரி நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல் ஆட்டத்தில் அலபாமாவை 33-25 என்று வென்றார்கள். அதே ராத்திரி மயாமியின் சொந்த மைதானத்தில் முதலிடக் கொலராடோவும் நோட்ரடாமும் மோதின. நோட்ரடாம் 21-6 என்று ஜெயித்ததால்தான் மயாமி மேலே வந்தது. "கொலராடோ ஜெயிச்சிருந்தா?" என்றான் மச்சினன். "உனக்கு 2001-ஐத்தான் போட்டிருப்பேன்" என்றேன். பொய் சொல்வானேன்.

ஃபுளோரிடா ஸ்டேட்காரர்கள் இன்றும் இதை ஏற்க மாட்டார்கள். நேரில் மயாமியை வென்றது நாங்கள்தானே என்பார்கள். அவர்கள் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றிருந்தார்கள் என்பதை நினைவூட்டினால் பேச்சு மாறும்.

பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தால் என் சாய்வு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எரிக்சன் மயாமியில் 63 வெற்றி, 9 தோல்வி. 1991-இல் இன்னொரு பட்டம், வாஷிங்டனோடு பங்கு போட்டுக்கொண்டது. 1994 முடிந்ததும் சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போனார். அடுத்த டிசம்பரில் விதிமீறல்களுக்காக, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. மயாமிக்குத் தண்டனை கொடுத்தது: 31 ஸ்காலர்ஷிப் வெட்டு. அந்தக் குழியிலிருந்து அணியை மேலே ஏற்றியவர் புட்ச் டேவிஸ். 1997-இல் 5-6, ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 47-0 என்றெல்லாம் அடி வாங்கி, ஆள் ஆளாகச் சேர்த்து அவர் கட்டியதுதான் 2001 அணி. அந்தச் சாவி கோக்கர் கைக்கு வந்தது. அவர் மொத்தக் கணக்கு 60-15. 2002-உம் தோல்வியில்லாமல் போய், இறுதி ஆட்டத்தில் ஓஹையோ ஸ்டேட்டிடம் இரண்டு கூடுதல் சுற்றுக்குப் பின் 31-24 என்று விழுந்தது. அப்புறம் படிப்படியாக இறக்கம். 2006-இல் 7-6, வேலை போயிற்று. டேவிஸ் சேர்த்த ஆட்கள் தீரத் தீரப் பானை காலியானது என்றுதான் எனக்குப் படுகிறது. கோக்கரை விரும்புகிறவர்கள் 2004-இல் கடினமான ஏ.சி.சி. லீகுக்கு மாறியதைக் காரணம் காட்டுவார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

1989-ஐ நான் நேரில் பார்க்கவில்லை. அப்போது திருமங்கலத்தில் அரைக்கால் சட்டையோடு திரிந்துகொண்டிருந்தேன். முழுதாகப் பார்த்தவை ஐந்து ஆட்டங்கள், அதுவும் யாரோ வீட்டு விசிஆரில் பதிந்து இணையத்தில் ஏற்றிய மங்கல் பிரதி. நேரில் பார்த்தவர்கள் வேறு சொன்னால் அவர்கள் பேச்சுக்குத்தான் எடை.

பார்க்கப் போகிறவர்களுக்கு: 1989-இல் மிச்சிகன் ஸ்டேட்டில் தொடங்குங்கள், முந்தைய மூன்றும் நேர விரயம். அப்புறம் ஃபுளோரிடா ஸ்டேட், நோட்ரடாம், சுகர் பௌல். ஒரே ஒரு மாலை நேரம்தான் இருக்கிறது என்றால் 2001-இன் பாஸ்டன் காலேஜ் ஆட்டம் போதும். அந்த வருஷத்தின் இறுதி ஆட்டமான ரோஸ் பௌலை விட்டுவிடலாம். நெப்ராஸ்காவுக்கு எதிராக இடைவேளையிலேயே 34-0.