ஒரு லிட்டர் கோப்பையா, இருநூறு மில்லி கிளாஸா?

ஜெர்மனியில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அக்டோபர்ஃபெஸ்ட் போயிருக்கீங்களா?" அடுத்தது, "செப்டம்பர்ல வந்தா கூட்டிட்டுப் போவீங்களா?"

கூட்டிப் போவேன். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். ஜெர்மானியர்கள் பீர் குடிப்பதைப் பார்க்க ஆசை என்றால், மியூனிக்கில் பெரிய பெரிய கூடாரங்கள் போட்டு நடத்தும் அந்தப் பீர் திருவிழாவுக்குப் போகலாம். அவர்களோடு உட்கார்ந்து ஒரு ராத்திரி பேச வேண்டும் என்றால், அதற்குச் சரியான இடம் மியூனிக் கூடாரம் இல்லை. எட்டு வருஷத்தில் நான்கு விதமான இடங்களில் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: கையில் கொடுக்கிற கிளாஸ் எவ்வளவு பெரியது என்பதே அந்த ராத்திரி எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மியூனிக்கில் கிளாஸ் ஒரு லிட்டர். பெயர் மாஸ். கெட்டியான கண்ணாடி, நிரப்பினால் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். திருவிழாவுக்கென்று காய்ச்சும் பீர் என்பதால் ஆல்கஹால் சுமார் 6 சதவீதம், வழக்கமான பீரைவிடக் கொஞ்சம் கூட. திருவிழா பிறந்தது ஒரு கல்யாணத்தில். 1810 அக்டோபர் 12ஆம் தேதி பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக், தெரேஸ் இளவரசியை மணந்தார். ஊருக்கு வெளியே புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்துக் கொண்டாடினார்கள். அந்தப் புல்வெளி இன்றும் மணமகள் பெயரில் தெரேசியன்வீஸே. மியூனிக்காரர்கள் திருவிழாவையே சுருக்கமாக 'வீஸ்ன்' என்றுதான் சொல்வார்கள். அக்டோபர் என்று பெயர் இருந்தாலும் தொடங்குவது செப்டம்பர் நடுவிலேயே. குளிருக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமே.

முதல் சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு ஷோட்டன்ஹாமல் கூடாரத்தில் மேயர் சுத்தியலால் குழாயைப் பீப்பாய்க்குள் அடித்து இறக்குவார். "ஓட்சாப்ஃப்ட் இஸ்!" (குழாய் இறங்கியாச்சு!) என்று அவர் கத்திய பிறகுதான் மற்ற கூடாரங்களில் பீர் விற்கலாம். 1950இல் தொடங்கிய வழக்கம் இது. இங்கே விற்க அனுமதி மியூனிக்கைச் சேர்ந்த ஆறே ஆறு நிறுவனங்களுக்கு: அகுஸ்டினர், ஹாக்கர்-ப்ஷோர், ஹோஃப்பிராய், லோவன்பிராய், பவுலானர், ஷ்பாட்டன். இதில் அகுஸ்டினர் மட்டும் தன் கூடாரத்தில் இன்றும் மரப் பீப்பாயிலிருந்து ஊற்றுகிறது. எனக்குப் பிடித்ததும் அதுவே. நுரை மென்மையாக இருக்கும், வயிற்றை உப்ப வைக்காது.

நான் முதல் முறை போனது சனிக்கிழமை சாயங்காலம். அதைவிடப் பெரிய தப்பு இல்லை. நான்கு பேர் நான் இருக்கும் எர்லாங்கனிலிருந்து ரயில் பிடித்துப் போய்ச் சேரும்போது பெரிய கூடாரங்கள் எல்லாம் நிரம்பிக் கதவு சாத்தியாகிவிட்டது. உட்கார இடம் இருந்தால்தான் பீர் தருவார்கள், நிற்கிறவருக்குக் கிடையாது. இரண்டு மணி நேரம் நின்று, வெளியே ஒரு பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டோம். வந்த கோப்பையில் பாதி நுரை. அது அடங்கியபோது பீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றது. கோப்பையின் மேல்பக்கம் ஒரு லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கும், அதற்குக் கீழே இருந்தால் நிரப்பித் தரச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அப்போது அது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், தயங்காமல் கேட்கிறேன்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் ஒரு மாஸ் கூடாரத்தைப் பொறுத்து 13.60 யூரோவிலிருந்து 15.30 யூரோ வரை. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் பத்துப் பேர் மேசையை முன்பதிவு செய்தால் ஆளுக்கு இவ்வளவு பீர், இவ்வளவு சாப்பாடு என்று முன்னாலேயே வாங்கியாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாத்தியக் குழு பாப் பாட்டுகளுக்கு மாறும். எல்லாரும் பெஞ்ச் மேல் ஏறி நிற்பார்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கோப்பையைத் தூக்கச் சொல்லும் பாட்டு வரும், கூடாரமே எழுந்து மோதிக் குடிக்கும். அந்தக் கணத்தில் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் கோப்பையில் மிச்சமிருப்பது சூடேறிச் சப்பென்று ஆகிவிட்ட அரை லிட்டர், பக்கத்தில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது.

அதனால் வீஸ்ன் போவதென்றால் செவ்வாய் அல்லது புதன், காலை பதினோரு மணிக்குப் போங்கள். 2005 முதல் மாலை ஆறு வரை இசை 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த நேரத்தில் ஓய்வுபெற்ற மியூனிக்காரர்கள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், பித்தளை வாத்தியம். அது வேறு திருவிழா. தனியாக வரும் பெண்களுக்கு ஒரு குறிப்பு: ஏதாவது தொந்தரவு என்றால் உதவ, பெண்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு மையம் மைதானத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே போனதும் அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷ்டுட்கார்ட்டின் கான்ஷ்டாட் திருவிழாவும் இதே மாதத்தில்தான். பீரைப் பொறுத்தவரை மியூனிக்கின் தம்பி, அவ்வளவுதான். ஆனால் அது பிறந்த கதை என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கும். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்ததால் அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழிந்து, ஜனங்கள் பசியில் வாடினார்கள். அதிலிருந்து மீண்ட பிறகு, 1818இல், வுர்ட்டம்பர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம் நடத்திய விவசாயத் திருவிழா இது. மைதானத்தின் நடுவே 26 மீட்டர் உயரத்தில் தானியங்களாலும் பழங்களாலும் அலங்கரித்த தூண் நிற்கும். குடிக்காதவர்கள்கூட அதைப் போய்ப் பார்க்கலாம்.

மியூனிக்குக்கு உண்மையான போட்டி, என் கணக்கில், நான் இருக்கும் எர்லாங்கன்தான். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பாசமும் உண்டு, காரணமும் உண்டு.

1755 முதல் நடக்கிறது, அதாவது வீஸ்னைவிட 55 வயது மூத்தது. பெயர் பெர்க்கிர்ஷ்வை. ஊரில் 'பெர்க்' என்றால் போதும், மலை என்று அர்த்தம். மே, ஜூனில் வரும் கிறிஸ்தவப் பண்டிகையான பெந்தெகொஸ்தேக்கு முந்தைய வியாழன் சாயங்காலம் தொடங்கிப் பன்னிரண்டு நாள். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பீரைக் குளிர்ச்சியாக வைக்க மணற்கல் குன்றைக் குடைந்து நிலவறைகள் வெட்டினார்கள். அந்த நிலவறை வாசல்களில்தான் இன்றைக்கும் பீர் விற்கிறார்கள். கூடாரமே கிடையாது. மேலே மரங்கள், சரிவில் படிப்படியாகப் பெஞ்சுகள். இங்கே நிலவறைக்கு 'இறங்கிப் போகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'மேலே கெல்லருக்குப் போகிறேன்' என்பார்கள். நிலவறை குன்றின் மேலே இருப்பதால்.

இங்கேயும் லிட்டர்தான், ஆனால் கல்ஜாடி. ஒவ்வொரு வருஷமும் அதில் புதுப் படம் அச்சிடுவார்கள், பழைய ஜாடிகளைச் சேர்த்து வைக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். ஜாடியில் பீர் சீக்கிரம் சூடேறாது. அதனால் அவசரம் இல்லை. வேலை முடிந்து அலுவலகமே கூட்டமாக வரும், பேராசிரியரும் மாணவரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். பல்கலைக்கழக ஊர் என்பதால் நம் பிள்ளைகளும் நிறைய, மரத்தடியில் தமிழ் காதில் விழாத நாள் இல்லை. கடைசித் திங்கள் ராத்திரி, வந்தவர்கள் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்ட, கடைசிப் பீப்பாயைப் புதைப்பார்கள். முதல் வருஷம் அதைப் பார்த்தபோது, அம்மனை மலையேற்றி ஊர்த் திருவிழாவை முடித்து வைக்கும் ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. பெரியவர்கள் சிலர் நிஜமாகவே கண் கலங்கி நின்றார்கள்.

திருவிழா என்றால் என் தேர்வு இதுதான். ஆனால் பன்னிரண்டு நாளும் கூட்டம் கூட்டம்தான். வருஷத்தில் மிச்சமிருக்கும் ராத்திரிகளுக்கு என்ன செய்வது?

கொலோனுக்குப் போங்கள். போன வருஷம் பொள்ளாச்சியிலிருந்து வந்த சித்தப்பா மகனை அங்கேதான் கூட்டிப் போனேன். அங்கே பீர் என்றால் கோல்ஷ். கிளாஸ் மெலிதாக, உயரமாக, 200 மில்லி. அவன் பார்த்துவிட்டு, "அண்ணா, இது டேஸ்ட் பாக்கக் குடுத்ததா?" என்றான். இல்லை, அதுதான் கிளாஸ். இரண்டே நிமிஷத்தில் காலியாகும். ஆனால் காலியானதும் நாம் கூப்பிட வேண்டாம். நீல அங்கியும் ஏப்ரனுமாகச் சுற்றிவரும் பரிமாறுபவர், இந்த வேலை செய்பவரைக் கோபெஸ் என்பார்கள், வட்டமான தூக்குத் தட்டில் பத்துப் பன்னிரண்டு கிளாஸ்களைச் செருகி வைத்துக்கொண்டு வருவார். காலி கிளாஸை எடுப்பார், நிறைந்ததை வைப்பார், நம் கிளாஸுக்குக் கீழே இருக்கும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடி வைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்கிற பாஷை.

"அண்ணா, இந்த அட்டைய யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டா கணக்கு என்ன ஆகும்?" என்று கேட்டான் தம்பி. அதுதான் பில். வேறு கணக்கு கிடையாது. குடித்தவரின் மேசையிலேயே கணக்கை விட்டுப் போகிற நம்பிக்கை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சின்னக் கிளாஸ் ஏன் என்பதற்குக் காரணம் பீரிலேயே இருக்கிறது. கோல்ஷ் மென்மையான பீர், சுமார் 4.8 சதவீதம், ஊற்றிய சில நிமிஷங்களில் ஜீவன் போய்விடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, எப்போதும் புதிதாக. 1986இல் கொலோன் வட்டாரத்தின் 24 பீர் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள், அந்த வட்டாரத்துக்கு வெளியே காய்ச்சியதைக் கோல்ஷ் என்று விற்கக் கூடாதென்று. ஃப்ரீசன் தெருவில் 1883 முதல் இருக்கும் பேஃப்கன் போல, கடையிலேயே காய்ச்சி, பீப்பாயிலிருந்து மட்டும் ஊற்றும் இடங்கள் இன்றும் உண்டு. கிளாஸ் இரண்டு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து கிளாஸ் குடித்தாலும் மியூனிக் மாஸை விடக் குறைவு, ஐந்தும் சில்லென்று. சைவர்களுக்கு 'ஹால்வே ஹான்' கேளுங்கள். பெயருக்கு அர்த்தம் அரைச் சேவல், வருவதோ ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியில் தடித்த சீஸ் துண்டு, வெங்காயம், கடுகுச் சாந்து.

மேசைகள் நீளம், தெரியாதவர்களோடுதான் உட்கார வேண்டும். பாட்டும் இல்லை, மேடையும் இல்லை. அன்றைக்கு எதிரில் இருந்த அஞ்சல்துறைக்காரர் ஒருவர், பக்கத்து நகரமான டுசல்டார்ஃபின் கருநிற ஆல்ட்பீர் ஏன் பீரே இல்லை என்று எங்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். நாற்பது கிலோமீட்டர் தூரத்து ஊர் மேல் இவ்வளவு ரோஷம். மறுநாள் டுசல்டார்ஃப் போய் யூரிகே என்ற கடையில் நின்று குடித்துப் பார்த்தோம். கசப்பு தூக்கல், எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே பழைய நகரத் தெருக்களில் சனிக்கிழமை ராத்திரி கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டக் கும்பல்கள் அதிகம். பேச்சுக்குக் கொலோன்தான்.

நான்காவது, தெருமுனைப் பீர் கடை. க்னைப்பே என்பார்கள். பெர்லினிலும் நாட்டின் மேற்கே உள்ள ரூர் பகுதியிலும் நிறைய இருந்தன, வருஷா வருஷம் மூடிக்கொண்டே வருகின்றன. சின்ன அறை, மர கவுண்டர், சூதாட்ட மெஷின் ஒன்று. பெர்லினில் சமையல் இல்லாத சிறிய கடைகளில் இன்னும் புகைபிடிக்கலாம், சட்டை நாறும், அது எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். பல கடைகளில் கார்டு செல்லாது, ரொக்கம் வேண்டும். பலகை வைத்த மேசையில் உட்காராதீர்கள், அது வாடிக்கைக்காரர்களின் 'ஷ்டாம்டிஷ்'. கவுண்டருக்கு மேல் மணி தொங்கினால் விளையாட்டுக்குக்கூட அடிக்காதீர்கள். அடித்தால் கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நீங்கள் வாங்கித் தருவதாக அர்த்தம்.

அப்படி ஒரு கடையின் சுவரில்தான் அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தேன். தபால் பெட்டிகளை அடுக்கினாற்போல் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண், காசு போட ஒரு துவாரம். வாடிக்கைக்காரர்கள் வாரா வாரம் தங்கள் எண்ணில் காசு போடுவார்கள். ஒரு வாரம் தவறினால் அபராதம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மொத்தத்தையும் எண்ணித் திருப்பித் தருவார்கள், அபராதக் காசில் எல்லாருக்கும் விருந்து. நம் ஊர் தீபாவளிச் சீட்டேதான். என்ன அது என்று நான் கேட்டதும், அதுவரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத கடைக்கார அம்மா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, ஒவ்வொரு எண்ணும் யாருடையது என்று காட்டினார். பதினேழாம் எண்காரர் மருத்துவமனையில் இருக்கிறாராம். அவர் காசை மற்றவர்கள் முறை வைத்துப் போடுகிறார்கள்.

ஆக, ஒரே வாரம்தான் லீவு, முதல் முறை வருகிறீர்கள் என்றால் செவ்வாய்க்கிழமை பகலில் வீஸ்ன், வெள்ளி ராத்திரி கொலோன். மே, ஜூனில் வர முடிந்தால் மியூனிக்கை விட்டுவிட்டு எர்லாங்கன் வந்துவிடுங்கள். குடிக்காதவர்கள் கூட வந்தாலும் மலைதான், மரத்தடியில் அவர்களுக்கும் பொழுது போகும். க்னைப்பேயை யாருக்கும் திட்டம் போட்டுத் தர முடியாது. தனியாகவோ இருவராகவோ போய், கவுண்டரில் உட்கார்ந்து, ரெண்டாவது கிளாஸ் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். எங்கே போனாலும் கார் சாவியை வீட்டில் வைத்துவிடுங்கள். கார் ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு), ஒரே ஒரு வீஸ்ன் மாஸ் பலரை அதைத் தாண்ட வைத்துவிடும்.

தம்பி ஊருக்குப் போகும்போது கோபெஸிடம் கேட்டு அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போனான். பதினொரு கோடு, அதில் நான்கு என்னுடையது.