கனவு: அடக்கிய ஆசையா, மூளை கட்டும் கதையா?

காலேஜ் முடித்துப் பல வருஷம் ஆகியும் ஒரு கனவு என்னை விடுவதில்லை. பரீட்சை ஹால், கையில் கேள்வித்தாள், பேனா எழுதாது. எழுந்து ஓடலாம் என்றால் கால் நகராது.

அடக்கி வைத்த ஆசை தூக்கத்தில் வேஷம் போட்டு வருவதே கனவு என்பது வியன்னாவின் மனோதத்துவ மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு கட்சி. பரீட்சைக் கனவைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். பெயிலான பரீட்சை வராதாம், பாஸ் செய்ததுதான் வருமாம். "அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், தேறவில்லையா?" என்ற ஆறுதலாம் அது. அழகான விளக்கம்தான். ஆனால் இப்படி எந்தக் கனவையும் ஆசைக்குள் அடக்கிவிடலாமே!

ஹார்வர்டின் மனநல மருத்துவர்கள் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் 1977இல் சொன்னது வேறு. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் தூக்கக் கட்டம் ஒன்று உண்டு. 1953லேயே அது வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டத்தில், மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு தன்பாட்டுக்கு சிக்னல் அனுப்ப, மேல்மூளை கிடைத்ததை வைத்துக் கதை கட்டுகிறது. கைகால் தசைகளோ அந்த நேரத்தில் கட்டுண்டு கிடக்கும். என் கால் ஏன் நகரவில்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

சரி, வெறும் சிக்னல்தான் என்றால் அதே ஹால் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இங்கே ஹாப்சன் பக்கம் கொஞ்சம் தடுமாறுகிறது. 1990களில் நரம்பு உளவியலாளர் மார்க் சோம்ஸ் வேறொன்றைக் காட்டினார்: மூளைத்தண்டு நன்றாக இருந்தும், முன்மூளையில் சேதமடைந்த சிலருக்குக் கனவே நின்றுபோயிருந்தது. சேதமானது எது தெரியுமா? நாட்டத்தைத் தூண்டும் நரம்புப் பாதை.