சூரிய சக்தி நீரிறைக்கும் தொகுதி: வலிகாமத்துச் செம்மண் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்பீடு

சிறு தோட்டக்காரர் ஒருவர் சூரிய சக்தியில் இயங்கும் நீரிறைக்கும் தொகுதியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டும் அளவைவிடச் சிறியதை வாங்க வேண்டும். அதையும், மழைபோல நீரைத் தெளிக்கும் தூவல் குழாயோடு சேர்த்தே வாங்க வேண்டும். நான் மதிப்பிடுவது ஒரு குதிரைவலு நேரோட்ட (DC) மோட்டார், வெயிலை மின்சாரமாக்கும் மூன்று பனல்கள், ஒரு கட்டுப்படுத்தி ஆகியவை அடங்கிய தொகுதியை. யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கத்தில் நான்கு பரப்புச் (ஏறக்குறைய ஆயிரம் சதுர மீற்றர்) செம்மண் தறையில், சின்ன வெங்காயத்துக்கும் ஓரத்தில் நிற்கும் மிளகாய்க்கும் அது இறைக்கிறது. கோடையையும் மாரியையும் அது பார்த்துவிட்டதால், இப்போது எழுதுவது நியாயமாக இருக்கும்.

இந்த இயந்திரத்தை நாடி எங்கள் பகுதித் தோட்டக்காரர் போனதற்குச் சுற்றுச்சூழல் அக்கறை முதற்காரணம் அல்ல. 2021ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு விளைச்சல் அடிபட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசினை நம்பிப் பயிர் வைத்தவனுக்கு, வெங்காயம் விற்று வரும் காசில் எவ்வளவு எண்ணெய்க்கே போகும் என்று கணக்குப் பார்க்கும் துணிவுகூட அப்போது இருக்கவில்லை. தோட்டத்துக்கு ஏற்கெனவே மின்சார இணைப்பு உள்ளவர்களுக்கு இந்தத் தொகுதியால் கிடைக்கும் இலாபம் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி வேலைத்திறன். காலை எட்டு மணிக்கு முன்னரே மோட்டார் மெல்லச் சுற்றத் தொடங்கிவிடும். பத்து மணி முதல் இரண்டு மணி வரை முழு வேகத்தில் ஓடும். ஏறக்குறைய முப்பது அடி ஆழக் கிணற்றிலிருந்து உச்சிப் பொழுதில் மணித்தியாலத்துக்கு ஏழெட்டாயிரம் லீற்றர் வருகிறது. சத்தமும் புகையும் இல்லை. கயிறு இழுத்துத் தோள்மூட்டு நோகும் வேலையும் இல்லை. ஆயினும் பழைய மெசினின் வேகத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மெசின் கக்கும் நீர் வாய்க்கால் நிறைய ஓடிக் கடைசிப் பாத்தி வரை போய்ச் சேர்ந்துவிடும். இதன் மெல்லிய ஓட்டமோ நடுவழியிலேயே செம்மண்ணுக்குள் சுவறிப் போகிறது. கிணற்றடிப் பாத்திகள் மிதக்க, தூரத்துப் பாத்திகள் வாடும். ஆகவே வாய்க்காலில் இறைக்கும் பழக்கத்தை மாற்ற விரும்பாதவர் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

வெங்காயத்துக்குத் தூவல் முறையை நேரடியாக மோட்டாரோடு இணைத்திருக்கிறேன். தூவிகளுக்கு அழுத்தம் வேண்டியிருப்பதால் நீரின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, ஆனால் அதுவே போதும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பலக்கும் மாதங்களில் நண்பகலில் தூவினால் நீரின் ஒரு பங்கு பக்கத்துக் காணிக்குத்தான் போகும் என்பதால், காலையில் வெயில் ஏறியவுடனேயே தொடங்கிவிட வேண்டும். மிளகாய்க்கு நீரைத் தாங்கியில் ஏற்றிவைத்து மாலையில் சொட்டுக் குழாயில் விடுகிறேன்.

கடையில் யாரும் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். எங்கள் கோடையில் ஒரு பயிர் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் அளவு நீரைக் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு பரப்புக்கு ஐயாயிரம் முதல் ஆறாயிரம் லீற்றர் தேவை. வீணாவதையும் சேர்த்தால் எட்டாயிரம். இந்தத் தொகுதி தூவல் முறையில் இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் அதைக் கொடுத்துவிடும். மிச்சப் பகல் முழுவதும் வெயில் இலவசம், மோட்டாரும் ஓடத் தயார். மண்ணெண்ணெய்க் காலத்தில் போத்தலின் அடி தெரிந்தவுடன் கை தானாக மெசினை நிறுத்தும். இப்போது நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் பாத்தி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதையும், தண்ணீர் வேலியோரப் புல்லுக்குப் போவதையும் அடிக்கடி காண்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இது சிறிய விடயம் அல்ல. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது; அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊறிவந்த உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலாளர் கணக்கு. அதன் மறுபக்கம், மேலே ஓரடி குறைந்தால் உவர்நீர் கீழிருந்து காலப்போக்கில் 40 அடி ஏறிவரும் என்பதாகும். நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பதைப் பள்ளிப் பருவத்திலேயே எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். வெங்காயமோ உப்பை மிகக் குறைவாகவே பொறுக்கும் பயிர். பாசன நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் மின்கடத்துதிறன், மீற்றருக்கு 0.8 டெசிசீமன்சைத் தாண்டியதுமே விளைச்சல் இறங்கத் தொடங்கும். தேவைக்கு மேல் இறைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. பாத்தியில் போட்ட யூரியா, நைத்திரேற்றாகக் கரைந்து அதே கிணற்றுக்குத் திரும்பி இறங்குகிறது. அந்தக் கிணற்றில்தான் குடிக்கவும் அள்ளுகிறோம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மெதுவாக இறைப்பதால் கிணற்று நீர்மட்டம் மெசினுக்கு விழுவதுபோலச் சடுதியாக விழுவதில்லை; அந்த வகையில் இது கிணற்றுக்கு இதமானது. கெடுதல் வருவது வேகத்தால் அல்ல, தேவைக்கு மேல் ஓடவிடும் நேரத்தால். சிறிய மோட்டார் பகல் முழுவதும் ஓடினாலும் குறைவாகவே இறைக்கும்; அதனால்தான் அதைச் சொல்கிறேன். கடலுக்கும் தொண்டைமானாற்று நீரேரிக்கும் அண்மையிலுள்ள காணிக்காரர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். வாங்கியே ஆகவேண்டும் என்றால், கையடக்கமான மின்கடத்துதிறன் மானி ஒன்றையும் கூடவே வாங்கி, கோடை முழுவதும் அளந்துகொண்டே இறைக்க வேண்டும்.

இயந்திரத்தின் மேல் மட்டும் பழியைப் போடுவதும் சரியல்ல. நிலத்துக்குள் இறங்கும் நீர் குறைந்துகொண்டு வருவதற்குக் காரணம் நாங்கள் நிலத்தைப் பயன்படுத்தும் விதம். தோட்டக் காணிகள் இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகப் பிரிந்து வீட்டு வளவுகளாகின்றன. முற்றத்துக்குச் சீமெந்து போடப்படுகிறது. குளங்கள் குப்பையால் தூர்ந்து, வெள்ளவாய்க்கால்கள் மதிலுக்குள் அகப்படுகின்றன. மழையும் முன்போலப் பரந்து பெய்வதைவிடச் சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. 2008 நவம்பரில் நிசா புயல், 2020 டிசம்பரில் புரெவி புயல், 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் ஆகியவற்றின்போது குடாநாடு நீரில் மிதந்தது. தேங்கி ஊற இடமில்லாத நீர் கடலுக்குப் போனது. வெள்ளம் வடிந்த சில மாதங்களில் கோடை இறைப்புத் தொடங்கிவிடும். விளைச்சல் கட்டாதவன் காணியை விற்கிறான், விற்ற காணியில் வீடு எழுகிறது, மிஞ்சிய தோட்டக்காரனின் கிணற்றுக்கு ஊற்று இன்னும் குறைகிறது.

எங்களுடையது பங்குக் கிணறு. முன்பு விடியற்புறம் ஒருவர், காலை ஒருவர், பின்னேரம் ஒருவர் என்று முறை வைத்து இறைத்தோம். வெயிலில் ஓடும் மோட்டார் வந்ததும் எல்லோருக்கும் நடுப்பகலே வேண்டும் என்றாயிற்று. இரண்டு மோட்டார் ஒன்றாக ஓடிய நாட்களில் கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. இப்போது நேரத்தைப் பங்கிடாமல் நாளைப் பங்கிட்டிருக்கிறோம். இதை முன்கூட்டியே பேசித் தீர்க்காமல் வாங்கினால் வழக்கில் முடியும்.

பராமரிப்பு பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. பனலைக் கிணற்று நீரால் கழுவக் கூடாது. காய்ந்தவுடன் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாகப் படர்ந்து, துடைத்தாலும் போகாது. மழைநீரைப் பிடித்து வைத்துத் துடைப்பது நல்லது. அதே படிவு சொட்டுக் குழாயின் துளைகளையும் அடைக்கும்.

பனலின் மின்னுற்பத்திக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதலில் பழுதாகக்கூடிய கட்டுப்படுத்திக்குக் கிடைப்பதோ ஒரு வருடந்தான். மாரி தொடங்கும்போது வந்த இடிமின்னலில் என்னுடையது கருகியது. விற்றவர்கள் கொழும்பிலிருந்து மாற்று வருவிக்க வாரக்கணக்கில் எடுத்தார்கள், மின்னல் காப்புப் பொருத்தியிருக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் சொன்னார்கள். பொருத்த வந்த பொடியன்களின் வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. வாங்கும்போது மின்னலை நிலத்துக்குள் இறக்கும் நிலத்தொடுப்புக் கம்பியையும், கிணறு வற்றினால் தானாக நிற்கும் உணரியையும் விலைக்குள் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரைக் குதிரைவலுத் தொகுதி கடையில் காட்சிக்கு இல்லை. கேட்டால், முன்பணம் கட்டினால் வருவித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். என் பங்குக்காரர் ஒருவர் அடுத்த வெங்காயப் போகத்துக்கு அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்.