சிக்னல் கேமரா சென்சார்: சில வருஷம் வைத்துப் பார்த்த அனுபவம்

காரைக்குடிப் பக்கம் ஒரு நாற்சந்தி சிக்னலைப் பராமரிக்கிறேன். அங்கே கேமரா சென்சார் வைத்துச் சில வருஷம் ஆகிறது. எங்கள் ஊருக்கும் வாங்கலாமா என்று தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் வண்டிகளை எண்ணுகிற கருவி என்று நம்பி வாங்காதீர்கள். இந்தப் பக்கம் யாராவது காத்திருக்கிறார்களா, சாலை எவ்வளவு தூரத்துக்கு அடைத்திருக்கிறது, இந்த இரண்டையும் பார்க்கத்தான் அது லாயக்கு, அதை நன்றாகவே செய்கிறது.

வேலை எளிமையானது. உயரமான கம்பத்தில் கேமரா, வண்டி வருகிற சாலையைப் பார்த்தபடி இருக்கும். அதன் படத்தின் மேல் நாம் கட்டம் வரைகிறோம். கட்டத்துக்குள் வண்டி வந்தால், விளக்கை மாற்றுகிற கன்ட்ரோலர் பெட்டிக்குத் தகவல் போகும். மற்றதெல்லாம் கன்ட்ரோலர் பாடு: குறைந்தபட்சப் பச்சை முடிந்த பிறகும் கட்டத்தில் வண்டி வந்துகொண்டே இருந்தால் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும், இடைவெளி விழுந்தால் நிறுத்திவிடும், எவ்வளவு கூட்டம் வந்தாலும் நாம் கொடுத்த உச்ச வரம்பைத் தாண்டாது.

இதே வேலையைத் தரையில் பதித்த கம்பிச்சுருள், அதாவது லூப், பல நாடுகளில் ரொம்ப காலமாகச் செய்கிறது. சாலையை அறுத்துக் கம்பியைச் சுற்றிப் பதிப்பார்கள், மேலே உலோகம் வந்தால் சுருளின் மின்தூண்டல் மாறும். வெயிலோ இருட்டோ அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, சாக்கடைக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை என்று தோண்டுகிற சாலையில் அது எத்தனை நாள் தாங்கும்? பைக் சுருளின் நடுவில் போய்விட்டால் தெரியாமல் போவதும் உண்டு. கேமராவில் இந்தத் தோண்டல் தொல்லை இல்லை. சாலையைத் தோண்டி மூடிய பிறகு வண்டிகள் வேறு பக்கம் ஒதுங்கி நின்றால் பழைய கட்டத்தை அழித்துப் புதிதாக வரைந்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கேமரா கட்சி.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். டவுன் பஸ் முன்னால் நிற்கும், அதன் பின்னால் ஒளிந்தபடி நாலைந்து பைக், இடது இடுக்கில் ஷேர் ஆட்டோ, வலது பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிய மினி லாரி. கேமரா தாழ்வாக இருந்தால் பஸ்ஸுக்குப் பின்னால் இருப்பது ஒன்றும் தெரியாது. உயர்த்தினால் மறைப்பு குறையுமே தவிர ஒழியாது. விற்க வருகிறவர்கள் காட்டுகிற துல்லியக் கணக்கெல்லாம் லேன் பிடித்து ஓடுகிற கார்ச் சாலைக்குத்தான் பொருந்தும்.

அப்படியே சரியாக எண்ணினாலும் எண்ணிக்கை மட்டும் போதாது. இந்தியச் சாலைப் பேரவை 1990-இல் வெளியிட்ட ஐஆர்சி 106 விதிகளில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று இருக்கிறது: கார் ஒன்று என்றால் டூவீலர் 0.5 அல்லது 0.75, பஸ், லாரி 2.2 அல்லது 3.7. எதை எடுப்பது என்பது மொத்தப் போக்குவரத்தில் அந்த வகை வண்டியின் பங்கைப் பொறுத்தது. ஆக 20 பைக் என்பது 10 காருக்குச் சமமாகவும் இருக்கலாம், 15 காருக்குச் சமமாகவும் இருக்கலாம். இதற்குப் பதில் நாங்கள் நிறுத்தக்கோட்டருகே ஒரு கட்டம், சாலையில் நன்றாகப் பின்னால் தள்ளி இன்னொரு கட்டம் என்று வரைந்தோம். பின்கட்டம் விடாமல் நிறைந்திருந்தால் வரிசை அதுவரை நீண்டிருக்கிறது என்று அர்த்தம், உச்ச வரம்பைக் கூட்டிக் கொடுக்கலாம். உள்ளே பைக்கா பஸ்ஸா என்ற கேள்வியே வராது. உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆட்களை உட்காரவைத்து எண்ணுங்கள். சிக்னலின் ஒரு முழுச் சுற்று எவ்வளவு நேரம் என்று கணக்கிட வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1958-இல் கொடுத்த சூத்திரத்தில் போட்டுப் பார்க்க அந்தக் கணக்கு போதும்.

அப்புறம் நம் ஊரில் பைக் ஓட்டுகிறவர்கள் நிறுத்தக்கோட்டுக்குப் பின்னால் நிற்பதில்லை. நடந்து கடப்பதற்கான வரிக்கோட்டையும் தாண்டி முன்னால் போய் நிற்பார்கள். கட்டம் கோட்டோடு முடிந்தால் பத்துப் பைக் நின்றாலும் கேமராவுக்கு அங்கே யாருமில்லை, அந்தப் பக்கம் பச்சையே வராது, பொறுத்துப் பார்த்துவிட்டு சிவப்பிலேயே கிளம்பிவிடுவார்கள். விபத்து அங்கேதான் நடக்கிறது. கட்டத்தைக் கட்டாயம் கோட்டுக்கு முன்னாலும் நீட்டி வரையுங்கள். அப்படி நீட்டினால் குறுக்குச் சாலையிலிருந்து திரும்புகிற வண்டிகள் கட்டத்தை மிதித்துப் பொய்த் தகவல் தரும், அதற்கு மூன்று நாலு வினாடி தொடர்ந்து நின்றால் மட்டும் கணக்கில் எடு என்று தாமதம் கொடுக்க வேண்டும். எங்கள் சந்தியில் அதிகப் பலன் தந்த மாற்றம் இதுதான்.

வானிலை விஷயத்தில் மழையை விட மழைக்குப் பிந்திய இரவுதான் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத் தாரில் ஹெட்லைட் பளபளத்து, வண்டி வருவதற்கு முன்பே வெளிச்சம் கட்டத்துக்குள் வந்துவிடும். கிழக்கே பார்த்த கேமராவுக்குக் காலையிலும் மேற்கே பார்த்ததற்குச் சாயங்காலமும் சூரியன் நேராக அடிக்கும். வானம் படத்தில் வராதபடி கீழே சாய்த்து, மேலே மறைப்பு வைத்தால் பெரும்பகுதி சரியாகும். இரவு விளக்கு கேமராவோடு சேர்ந்திருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், காற்றில் ஆடுகிற வலை வண்டி மாதிரி பதிவாகும். நீளக் கம்பில் துணி கட்டி ஒட்டடை அடிப்பது இங்கே மாத வேலை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று கட்டுகிற ஃப்ளெக்ஸ் இதைவிடக் கஷ்டம். ஒன்று கேமராவை மறைக்கும், இல்லையென்றால் கட்டத்துக்குள் படபடக்கும். எடுக்கச் சொல்லிப் பேசவும் சங்கடம்.

திருவிழாக் காலம் தனி. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரமாக ஓயாமல் நடப்பார்கள், கட்டம் காலியாகவே ஆகாது. அந்தப் பக்கம் உச்சப் பச்சை, மற்றப் பக்கம் எல்லாம் தேங்கும். சிறாவயல் மஞ்சுவிரட்டு நாளும் பிள்ளையார்பட்டி சதுர்த்தியும் இப்படித்தான். அந்த நாட்களில் தானியங்கியை நிறுத்திவிட்டுப் போக்குவரத்துக் காவலர் கையில் கொடுப்பதுதான் நடந்து போகிறவர்களுக்கும் பாதுகாப்பு.

எல்லோரும் கேட்கிற கேள்வி, “அண்ணே, இது ஃபைன் போடுமா?” எங்களுடையது போடாது. நம்பர் பிளேட் படிக்கிற கேமரா வேறு. ஆனாலும் இதைப் பார்த்துவிட்டு டேங்க் மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டுகிறார்கள், மாட்டட்டும், நல்லதுதான்.

வாங்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் சிலவற்றை எழுதி வாங்குங்கள். படம் தெளிவில்லாமல் போனால் எல்லாப் பக்கமும் வண்டி நிற்பதாக எடுத்துக்கொண்டு சுற்று ஓட வேண்டும், எந்தப் பக்கமும் பச்சை கிடைக்காமல் நிற்கக் கூடாது. கரண்ட் போய் வந்தால் கேமரா விழித்தெழும் வரை நிலையான நேரத்தில் ஓட வேண்டும். கண்ணாடி துடைப்பது யார், ஏணி வண்டி யாருடையது என்பதும் இருக்கட்டும். முக்கியமாக, கட்டம் வரைகிற மென்பொருளும் பாஸ்வேர்டும் ஊரில் இருக்கிற ஆளிடம் இருக்க வேண்டும். எங்களுக்கு அது கிடைக்கும் வரை, ஒரு கோட்டை நகர்த்தவும் வெளியூரிலிருந்து ஆள் வர வாரக்கணக்கில் காத்திருந்தோம்.