பிரிசெட் பட்டனைத் தொட விடாத கடையில் சிக்னல் ஜெனரேட்டர் வாங்காதீர்கள்

கடலூர் முதுநகரில் படகுகளுக்கான விஎச்எஃப் வயர்லெஸ் செட் பழுது பார்க்கிறேன். ரிசீவர் வேலைக்கு, வேண்டிய வலுவில் ரேடியோ சிக்னல் உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் இத்தனை நாள் காதை நம்பியே ஓட்டினேன். போன வருஷம் புதுச்சேரியில் பழைய டெஸ்ட் கருவிகள் விற்கும் ஒரு கடையில் 38,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மேசையில் வைக்கும் பெரிய மெஷின், கம்ப்யூட்டரிலிருந்து இயக்க ஒரு சாஃப்ட்வேர், காலிபரேஷன் ஸ்டிக்கர், எல்லாம் இருந்தது.

கடையில் பவர் மீட்டர் மாட்டி, −30 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு, மைனஸ் கூடக் கூட வலு குறைவு) வைத்துக் காட்டினார்கள். மீட்டரும் −30 என்றது. நான் குமிழைத் திருகிப் பார்த்தேன். −10க்கு மேல் ஏறவே இல்லை. முன்பக்கத்தில் +10 வரை என்று அச்சிட்டிருந்தது. கேட்டேன். "ரிசீவர் டெஸ்டுக்கு அதுக்கு மேல எதுக்குண்ணே?" என்றார் பையன். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். "ஆன் பண்ணதும் ரீகால் 1 அமுக்குங்க, உங்க செட்டிங் எல்லாம் அதுல போட்டுருக்கு. பிரிசெட்ட மட்டும் தொட்டுடாதீங்க, சாஃப்ட்வேர் கனெக்ஷன் போயிடும்." (பிரிசெட் என்பது மெஷினைக் கம்பெனி செட்டிங்குக்கே திருப்பும் பட்டன்.)

வீட்டுக்கு வந்து போட்டால் திரையில் 'அன்லாக்'. அலைவரிசை ஓரிடத்தில் நிற்கவில்லை. போன் செய்தேன். ஆளை அனுப்பி, 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு சரி செய்தார்கள். அவர் செய்தது, மெனுவில் ரெஃபரன்ஸை (அலைவரிசை நிலையாக நிற்க மெஷின் ஒத்துப் பார்க்கும் சிக்னல்) 'எக்ஸ்டர்னல்' என்பதிலிருந்து 'இன்டர்னல்' ஆக்கியதுதான். கடையில் பின்பக்கம் வேறு பெட்டியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் கேபிள் வந்துகொண்டிருந்தது. என் கடையில் அது ஏது? இரண்டு நிமிஷ வேலை. சரி, தெரியாததற்குக் கொடுத்த கூலி என்று வைத்துக்கொண்டேன்.

உண்மையான அடி அப்புறம்தான். 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ் டோன். ஜெனரேட்டரை எப்போதும் கேபிளில்தான் மாட்டுவேன். ஆபத்துக் காலச் சேனலில் ஆன்டெனா மாட்டி விளையாடக் கூடாது. நல்ல செட் 0.25 மைக்ரோவோல்ட்டிலேயே, அதாவது −119 டிபிஎம்மிலேயே, டோனை 12 டிபி சைனாடில், அதாவது இரைச்சலை மீறிக் கேட்கும் அளவில், பிடிக்க வேண்டும். வந்த செட் ஒவ்வொன்றும் 2.5 மைக்ரோவோல்ட், அதாவது 20 டிபி கூடுதலாகக் கேட்டது. எல்லாச் செட்டுமா காது மந்தம் என்று ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. 38,000 ரூபாய் மெஷின் பொய் சொல்லும் என்று மனசு ஒப்பவில்லை.

மூன்று செட்டைத் திறந்து காயில்களைத் திருகினேன். மூன்றும் நல்ல செட். சிங்காரத்தோப்புப் பெரியவர் ஒருவர் செட்டைத் திருப்பிக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "தம்பி, கெடுதல்னு நான் கொண்டாரல, மைக் ஒயர் அந்து போச்சுன்னுதான் குடுத்தேன். இப்ப பக்கத்துப் போட்டு பேசறதே கேக்கல." பதில் சொல்ல வாய் வரவில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஹாம் ரேடியோ நண்பர் ஒருவரை வரவழைத்தேன். சிக்னல் வலுவைக் குறைக்கும் அட்டனுவேட்டர் இரண்டு, விரல் நீளத்தில், எடுத்து வந்தார், 40 டிபி ஒன்று, 30 டிபி ஒன்று. தன்னுடைய நல்ல செட்டை மாட்டி, ஜெனரேட்டரில் −120 வைத்தார். வெறும் இரைச்சல். பிறகு −50 வைத்து, நடுவில் இரண்டு அட்டனுவேட்டரையும் சேர்த்தார். கணக்குக்கு அதுவும் −120 தான். டோன் கேட்டது.

அதன் பிறகு அவர் பிரிசெட்டை அமுக்கினார். நான் பதறினேன். சாஃப்ட்வேர் கனெக்ஷன் எங்கேயும் போகவில்லை. மெனுவில் இருந்த ஆஃப்செட்தான், அதாவது திரையில் காட்டும் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்தான், போனது. −20 டிபி லெவல் ஆஃப்செட் போட்டு அதை ரீகால் 1இல் சேமித்து வைத்திருந்தார்கள். உள்ளே அட்டனுவேட்டர் வெந்து 20 டிபி குறைந்துவிட்டது. திரையில் காட்டும் எண்ணையும் 20 குறைத்துவிட்டால் மீட்டரோடு ஒத்துப்போகும். −10க்கு மேல் ஏறாத மர்மமும் அதுதான். −60க்குக் கீழே அட்டனுவேட்டரின் இன்னொரு பகுதி உள்ளே வரும். அதுவும் வெந்திருந்ததால் அங்கே மறுபடி 20 டிபி ஓட்டை. அதனால்தான் கடையில் −30ஐ மட்டும் காட்டினார்கள். யாரோ 25 வாட் செட்டை இதில் மாட்டிவிட்டு, மறதியாக மைக்கில் பேச அமுக்கும் பிடிடி பட்டனை அழுத்தியிருப்பார்கள் என்பது நண்பரின் ஊகம். (இப்போதெல்லாம் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செட்டை ஜெனரேட்டரில் மாட்டுகிறேன்.)

கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தோம். அதன் செட்டிங்கிலும் அதே −20. ஆக, தெரியாமல் நடந்த தப்பு இல்லை. ஸ்டிக்கரோடு தந்த சான்றிதழில் இருந்த சீரியல் எண்ணும் மெஷினின் பின்பக்கத்து எண்ணும் வேறு வேறு.

பழைய ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பிரிசெட் அமுக்குங்கள். பின்பக்கக் கேபிள்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் சூடாக விட்டு, லாக் நிற்கிறதா பாருங்கள். அச்சிட்ட உச்ச லெவல் வரை ஏற்றிப் பாருங்கள். மேலிருந்து கீழே 10, 10 டிபியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சரிபாருங்கள். கையோடு ஒரு நல்ல செட்டும் இரண்டு அட்டனுவேட்டரும் இருந்தால் போதும், பவர் மீட்டருக்கு எட்டாத ஆழத்தையும் பார்த்துவிடலாம்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். "பிரிசெட் தொடாதீங்கன்னு சொன்னேனேண்ணே" என்றார் அதே பையன், கொஞ்சமும் கூசாமல். இரண்டு மணி நேரம் சண்டை போட்டு 25,000 வாங்கினேன். மீதி 'டெஸ்டிங் சார்ஜ்' என்றார்கள். மூன்று செட்டையும் என் செலவில் சரி செய்து கொடுத்தேன்.

நேற்று அதே மெஷினின் படம் 42,000 ரூபாய் விலையோடு வாட்ஸ்அப்பில் சுற்றி என்னிடமே வந்தது. முன்பக்கம் இடது கீழ் மூலையில், என் சால்டரிங் அயர்ன் பட்டு உருகிய பட்டாணி அளவுத் தழும்பு ஒன்று இருக்கும். அதைப் பார்த்தால் வாங்காதீர்கள்.