முத்திரை விழுந்த உறையா, விழாத உறையா: அமெரிக்க உள்நாட்டுப் போரின் பட உறைகள்

1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டைமேல் பீரங்கி முழங்கிப் போர் தொடங்கியதும் வடமாநில அச்சகங்கள் சுறுசுறுப்பாயின. கொடி, கழுகு, தலைவர் படம், எதிரியைக் கேலி செய்யும் சித்திரம் என்று தபால் உறைகளின் இடப்பக்க மூலையில் ஆயிரக்கணக்கான வடிவங்கள் வந்தன. சேகரிக்கத் தொடங்குகிறவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: தபாலில் போகாத வடக்கு உறை, தபாலில் போன வடக்கு உறை, தெற்குக் கூட்டமைப்பின் (பிரிந்துபோன தென்மாநிலங்களின்) உறை.

தபாலில் போகாத உறைகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கக் காரணம், அந்தக் காலத்திலேயே பலர் அவற்றைக் கடிதம் எழுத வாங்காமல் ஆல்பத்தில் ஒட்டவே வாங்கினார்கள். அதனால் இவற்றின் பொதுவான குறை பின்புறத்தில்தான்: பசைக் கறை, கிழித்தெடுத்த தழும்பு, மடிப்பு மூடி இல்லாமை. விற்பவர் முன்புறப் படம் மட்டும் காட்டினால் பின்புறத்தையும் கேளுங்கள். படத்துக்காகச் சேகரிப்பவருக்கு இதுவே சரியான வழி, ஏனென்றால் தபால்தலையோ முகவரியோ ஓவியத்தை மறைக்காது. நியூயார்க்கின் சார்லஸ் மேக்னஸ் கல்லச்சில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய உறைகளை முத்திரை விழாமல் பார்ப்பதே அழகு. 1861 மே 24 அன்று வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் சுடப்பட்டு இறந்த வடக்குப் படை அதிகாரி கர்னல் எல்ஸ்வொர்த்தின் படம் போட்டவற்றை மட்டும் வைத்தே ஒரு தனி ஆல்பம் தொடங்கலாம்.

இந்த வகையில் முக்கிய ஆபத்து பிற்கால மறுஅச்சு. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். படம் ஒழுங்கான சிறு புள்ளிகளால் ஆனதாகத் தெரிந்தால் அது 1861-இன் அச்சு அல்ல. புற ஊதா விளக்கில் காகிதம் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது இருபதாம் நூற்றாண்டுக் காகிதம்.

தபாலில் போன உறை வேறு உலகம். இங்கே படத்தோடு தபால்தலை, ஊர் முத்திரை, முகவரி, கட்டணம் நான்கும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். விலை பல மடங்கு கூடுவதால் போலி செய்வோர் வேலையும் இங்கேதான் அதிகம். மலிவான வெற்று (தபாலில் போகாத) உறையில் பழைய தபால்தலை ஒட்டி முத்திரை வரைவது ஒரு முறை. தபாலில் போன சாதாரண உறையில் பிற்காலத்தில் படம் அச்சிடுவது இன்னொரு முறை. இரண்டாவதைப் பிடிப்பது எளிது: கையெழுத்தும் முத்திரையும் படத்தின்மேல் ஏறியிருக்க வேண்டும். பட மையே எழுத்தின்மேல் கிடந்தால் அந்த உறையைத் தொட வேண்டாம். படம் தபால்தலை வரை எட்டினால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அது தபால்தலைக்கு அடியிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். முத்திரை தபால்தலையிலிருந்து உறைக்கு இடைவெளியின்றி ஓட வேண்டும்.

அன்றைய பல ஊர் முத்திரைகளில் ஆண்டு இருக்காது. ஆகவே காலத்தைத் தபால்தலைதான் சொல்லும். அரை அவுன்ஸ் கடிதத்துக்கு வழக்கமான கட்டணம் 3 சென்ட். மேல் மூலைகளில் 3 என்ற எண்ணும் கீழ் மூலைகளில் யு, எஸ் எழுத்துகளும் இருந்தால் அது 1861 ஆகஸ்டில் வந்த புதிய தலை. மூலையில் எண் இல்லாத சிவப்புத் தலை அதற்கு முந்தையது. தெற்கில் தேங்கிய பழைய தலைகளை வடக்கில் காசாக்கிவிடக் கூடாதென்று அரசு அவற்றைச் செல்லாதவையாக்கியது. எனவே பழைய தலையோடு 1863-இல் போனதாகச் சொல்லப்படும் உறையைச் சந்தேகியுங்கள். தலையே இல்லாமல் 'சிப்பாய்க் கடிதம்' என்று எழுதி, அதிகாரி கையொப்பமிட்டு, 3 சென்ட் பாக்கி என்று முத்திரை விழுந்த உறைகளைக் குறையுள்ளவை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1861 ஜூலைச் சட்டம் சிப்பாய்களுக்குத் தந்த சலுகை அது. பெறுபவர் பணம் கட்டுவார்.

தெற்கு உறைகள் அரிதானவை, விலை கடுமையானவை. காகிதமே கிடைக்காமல் பயன்படுத்திய உறையைப் பிரித்துத் திருப்பி ஒட்டியும், சுவரொட்டுத் தாளில் உறை செய்தும் எழுதிய மக்கள் அவர்கள். கொடியில் உள்ள நட்சத்திரங்களை எண்ணுங்கள்: 1861 மார்ச்சில் 7, ஆண்டு முடிவதற்குள் 13. அதிலிருந்து உறை எப்போதுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் பழைய அச்சு உறைகளைப் பின்னாளிலும் பயன்படுத்தினார்கள். கட்டணத்தையும் சரிபாருங்கள். 1861 ஜூனிலிருந்து 500 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10. 1862 ஜூலை 1 முதல் சாதாரணக் கடிதத்துக்கு எங்கும் 10. கூட்டமைப்பின் முதல் பொதுத் தபால்தலை 1861 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் போன உறையில் அந்தத் தலை இருந்தால் பொய். வடக்கு அச்சகங்களே தெற்குக் கொடி போட்டு விற்ற வெற்று உறைகளும் சந்தையில் உண்டு. அவற்றைத் தெற்கு உறை என்ற விலைக்கு வாங்குவதுதான் புதியவர்கள் அடிக்கடி படும் நஷ்டம். நியூயார்க்கின் பிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் இந்த வகையில் கை வைக்கவே கூடாது.

இருபது வெற்று உறைகளுக்கான பணத்தில், ஊர்ப் பெயர் தெளிவாக விழுந்த ஒரே ஒரு வடக்கு உறை வாங்குவதே என் தேர்வு. படிக்க அதில் அவ்வளவு இருக்கிறது. ஓவியமே முக்கியம் என்றால் மட்டும் மேக்னஸ் பக்கம் போங்கள்.

எதை வாங்கினாலும் பாலியெஸ்டர் உறையில் அமிலமற்ற அட்டையோடு வையுங்கள். பிவிசி உறை நாளடைவில் இளகி ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் வேண்டாம். தபால்தலையை ஒருபோதும் தண்ணீரில் நனைத்துப் பிரிக்காதீர்கள்: கையால் தீட்டிய வண்ணம் கரையும், உறையின் சாட்சியமும் அதோடு போய்விடும்.